பக்கத்திலிருந்து அடித்த வெளிச்சம்

என் மாமனார் ஒரு நாளும் என்னை 'நீ' என்று அழைத்ததில்லை. "மருமகன், நீங்க கொஞ்சம் நிழல்ல போய் இருங்க. உங்கட கை பட்டா பச்சத்தண்ணியும் பழுதாப் போகும்" என்பார். தறிக்காரர்கள் நூல் வாங்கக் கூடி நிற்கும்போதுதான் சொல்வார். குரல் உயராது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு மரியாதை குறைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் ஒரு சொல் குறைத்ததில்லை. மரியாதைக்குள்ளேயே வைத்து அறுத்தார்.

கிழக்குக் கரையில் பெரிய சூறாவளி வந்து போன மறு வருஷம் நான் நெசவு ஊரான மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தேன். அதற்கு முன் கல்முனைக்குடியில் ஒரு மீன் வாடியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவன். சாயக் கொட்டிலுக்கு ஐஸ் உடைக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டதால்தான் எனக்குப் பெண் கிடைத்தது என்று மாமா எல்லோரிடமும் சொன்னார். பகிடியாகச் சொன்னார். பொய்யும் இல்லை.

எங்களில் கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் போய் இருப்பான். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். வீட்டு வளவுக்குள் இருந்த சாயக் கொட்டிலும் அப்படித்தான் என் மனைவியின் பேரில் இருந்தது. மாமி மவுத்தாகி இரண்டு மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் மாமா, அவருடைய ஒரே மகள், நான். எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது நான் கொண்டுவந்த ஒரு தகர றங்குப்பெட்டி மட்டும்.

கவலைப்பட எனக்கு ஒரு காரணம் வேண்டியதில்லை. மழை வந்தால் நூல் காயாதே என்று கவலை. வெயில் எறித்தால் நிறம் வெளுக்குமே என்று கவலை. இரண்டும் இல்லாமல் மப்பாகக் கிடந்தால், இது என்னத்துக்கு அறிகுறியோ என்று கவலை. ஆகவே சாயத்தில் புள்ளி விழத் தொடங்கியபோது நான் ஏற்கெனவே பயந்து முடித்திருந்தேன்.

சிவப்புச் சாயம் போடுவது இரண்டு தண்ணியில். முதல் தண்ணி கிடாரம் என்கிற பெரிய அண்டாவில் கொதிக்கும். நப்தால் என்கிற பொடியை எண்ணெயில் குழைத்து, கோஸ்டிக் சோடா சேர்த்து, கொதிநீர் ஊற்றிக் கிண்டுவோம். முதலில் மாக்கரைசல் போலக் கலங்கும். காய்ச்சக் காய்ச்சக் கரைந்து, பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் தெளியும். தெளிந்த பிறகுதான் கழி கழியாகக் கட்டிய நூலை அதில் முக்க வேண்டும். முக்கிப் பிழிந்து, ஐஸ் போட்ட இரண்டாம் தண்ணியில் விட்டால், மங்கல் மஞ்சளாகப் போன நூல் கண்ணுக்கு முன்னால் சிவக்கும். எத்தனை தரம் பார்த்தாலும் நான் கிட்டக் குனிந்து பார்ப்பேன்.

எல்லாம் அந்தத் தெளிவில்தான் இருந்தது. கரையாத பொடி மிஞ்சியிருந்தால் அது நூலில் ஒட்டிக்கொள்ளும். நெய்த பிறகு கறுத்த சிவப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தெளிந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது மாமா ஒருவர்தான். ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணியை அள்ளி, வாசலுக்கு வந்து, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "சரி, இறக்குங்க" என்பார். வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கண்ணூறு பட்டுவிடும் என்று கிடாரத்தைச் சாக்கால் மூடி வைத்திருப்பார். பள்ளிவாசல் லெவ்வையிடம் ஓதி வாங்கிய தண்ணி ஒரு போத்தலில் சுவர்த்தட்டின் மேல் இருக்கும். காலையில் கொட்டில் திறக்கும்போது அதில் கொஞ்சம் நிலைப்படியில் தெளிப்பார்.

இறக்குமதிக்கு நாடு திறந்துவிடப்பட்டுப் புதுப் புது டின்களில் பிறநாட்டுச் சாயப்பொடி வந்து இறங்கிய காலம் அது. முதல் புள்ளி வந்தபோது பொடியைக் குற்றம் சொன்னோம். மறுபடி வந்தபோது மாமா என்னைச் சொன்னார்.

தறிக்காரர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். வாய்க்காரர். மாமாவை அண்ணன் முறையில் 'காக்கா' என்பார். நெய்து முடித்த, இடுப்பில் உடுத்தும் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் விரித்தார்.

"இதென்ன காக்கா? சாரமா, இல்ல அம்மை போட்ட புள்ளட முதுகா?"

மாமா குனிந்து பார்த்தார். கையால் தடவினார். "மருமகன் கிண்டின தண்ணி. ஐஸ் உடைச்ச கைதானே. கிண்டச் சொன்னா உடைக்கிறாரு."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். மூத்த தறிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காக்கா, மாப்பிளைய மாத்துறது லேசு, பொடிய மாத்துறதுதான் கஷ்டம்" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

அன்று நான் சாப்பிடப் போனபோது என் றங்குப்பெட்டி அறைக்குள் இல்லை. நடுவீட்டில் இருந்தது. மாமா தூக்கி வைத்திருந்தார். அடுத்த புள்ளிக்கு அது விறாந்தைக்கு வந்தது. நான் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் அவர் வாய் திறப்பார் என்று பயம். பெட்டி விறாந்தையிலேயே கிடக்க, மாற்று உடுப்பை ஒவ்வொரு முறையும் அங்கே போய் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒழுங்கையால் போகிற பெண்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சிவப்பு நூலுக்கு ஆட்கள் அள்ளிப்பட்டு வருவார்கள். அதற்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தபோது மாமா தறிக்காரர்கள் முன்னால் சொன்னார்: "இந்தப் பெருநாள் நூலும் கெட்டுதெண்டா, மருமகன் அவர்ட உம்மா வீட்டுல போய்ப் பெருநாள் எடுக்கட்டும். நான் மரியாதையா அனுப்பி வைப்பன்."

என் உம்மா அப்போது தன் சகோதரி வீட்டுக் குசினி மூலையில் படுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போக எனக்கு ஓர் இடம் இருக்கவில்லை. பெண்சாதி வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு மீன் வாடியிலும் மரியாதை இல்லை. அனுப்பிவிட்டால் என் மனைவி கூட வருவாளா என்று அவளிடம் கேட்டேன்.

"வீடு என்ட பேருல இரிக்கி. நான் ஏன் வெளிய போற?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் போகாம இருக்கிற வழியப் பாருங்க" என்றாள்.

வழி பார்க்கப் போனது கல்முனை பஸாரில் சாயப்பொடி விற்கும் கடைக்கு. கடைக்காரர் கிறிஸ்தவர். பொடியில் பிழை இருக்கிறது என்று நான் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே கதிரையில் இருந்த ஒருவர் சிரித்தார். கடைக்காரரின் தம்பி. ரசாயனம் படித்துவிட்டுத் தூரத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வலக்கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. வெந்துபோய் லீவில் வந்திருந்தார். எல்லோரும் அவரைச் சேர் என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

"பொடியில பிழை இல்ல தம்பி. கரைஞ்சிட்டுதெண்டு ஆரு சொல்றது?"

"மாமா."

"எப்பிடி?"

வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதைச் சொன்னேன்.

"வெயிலுக்கு நேர பிடிச்சா வெயிலத்தான் பார்க்கலாம்" என்றார். "நாளைக்கு அந்தத் தண்ணியில ஒரு போத்தல் கொண்டு வாங்க. உங்கட மாமா சரியெண்டு சொன்ன தண்ணி."

கொண்டுபோனேன். கடையின் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, ஒரு கறுப்புத் துணியைப் போத்தலுக்குப் பின்னால் தொங்கவிட்டார். டோர்ச்சின் முகத்தில் தகரத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார். தகரத்தில் கத்தியால் கீறிய மெல்லிய பிளவு. டோர்ச்சைப் போத்தலின் பக்கத்தில் பிடித்து, என்னை முன்னால் நின்று பார்க்கச் சொன்னார்.

தேத்தண்ணி போலச் சுத்தமாக இருந்த தண்ணிக்குள் ஓலை மாதிரி ஒரு வெளிச்சம் நின்றது. அந்த ஓலை முழுக்க ஆயிரக்கணக்கில் மினுங்கின. சில இறங்கின, சில சுழன்றன. இதையா நூலில் பூசிக்கொண்டிருந்தோம்?

"ஓட்டையால வெயில் விழுற நேரம் வீட்டுக்குள்ள தூசி பறக்கிறது தெரியும்தானே?" என்றார் சேர். "ஜன்னலத் திறந்துவிட்டா அதே தூசி தெரியுமா? தூசி எங்கயும் போகல்ல. வெளிச்சம் நேர கண்ணுக்க வந்தா மற்றதெல்லாம் மறைஞ்சிரும். பக்கத்தால விட்டா, தூசியில பட்டுச் சிதறுறது மட்டும்தான் கண்ணுக்கு வரும். சின்னப் பொடியும் நட்சத்திரம் மாதிரி நிக்கும்."

தொழிற்சாலையில் அவருடைய வேலையே அதுதான். மூடிய இரும்புக் கொப்பரைக்குள் கொதிக்கிற கலவையில் பெயின்டுக்கான நுண்மணிகள் எவ்வளவு பெரிதாக வளர்கின்றன என்று கண்ணாடி ஜன்னலால் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்பு எதிர்ப்பக்க ஜன்னலில் விளக்கை வைத்துப் பார்த்தார்களாம். பனிமூட்டம்தான் தெரிந்ததாம். இவர் விளக்கைப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றி, வெளிச்சத்தை மெல்லிசாக வெட்டினார்.

"தடிச்ச வெளிச்சமெண்டா முன்னுக்கிருக்கிறதும் பின்னுக்கிருக்கிறதும் ஒண்டா மினுங்கும். ஒண்டும் விளங்காது. மெல்லிசா வெட்டினா அந்த ஓலைக்குள்ள இருக்கிறது மட்டும் தெரியும். கலவை கடுமெண்டா அதுவும் சரிவராது, பால் மாதிரிக் கிடக்கும். கொஞ்சமா அள்ளித் தண்ணி கலந்து பார்க்க வேணும்."

"நல்ல வேலை சேர்."

"நல்ல வேலைதான். அந்த ஜன்னல் வெடிச்சுத்தான் இந்தக் கை. ஓடி வந்த தொழிற்சாலைப் பெரியவர் முதல்ல கேட்டது கண்ணாடி எவ்வளவு பழுதெண்டு." சிரித்தார். நான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

குமிழி மேலே போகும், அதைப் பொடியென்று நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றார். பீடிப்புகை போல நீலமாக, மணி மணியாகப் பிரியாமல் ஓர் ஒளி நின்றால் அது மிக நுண்ணியது, நூலைக் கெடுக்காது. தனித்தனியாக மினுங்கினால் இன்னும் காய்ச்ச வேண்டும். இவ்வளவுதான். போகும்போது அந்தத் தகரத் துண்டையும் தந்தார்.

சிறிது நாட்கள் நான் பைத்தியம் பிடித்தவன் போல இருந்தேன். கிணற்றுத் தண்ணியில் அடித்துப் பார்த்தேன். மினுங்கியது. குடிக்கிற பானைத் தண்ணியில் அடித்தேன். கொஞ்சம் மினுங்கியது. இருமல் மருந்தில் அடித்துவிட்டு அதைக் குடிக்காமல் விட்டேன். "எனக்குள்ளயும் ஒருக்கா அடிச்சிப் பாருங்க, என்ன மிதக்குதெண்டு" என்றாள் என் மனைவி. ஆனால் கொட்டிலில் கிடாரத்துத் தண்ணியை அள்ளி நான் பார்த்தபோது அவளும் வந்து பார்த்தாள். மாமா சரியென்று சொன்ன நேரத்தில் அது நட்சத்திரமாக மினுங்கியதையும், இன்னும் கொஞ்சம் காய்ச்சிய பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து புகை மட்டும் மிஞ்சியதையும் பார்த்தாள். கிளாசை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அவள் கணக்குப் போடும்போது அப்படித்தான் இருப்பாள்.

மாமாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவள்தான் சொன்னாள். நான் அவர் டோர்ச்சைத் தூக்கி எறிவார் என்று பயந்து கொட்டில் மூலையில் நின்றேன். அவர் எறியவில்லை. தகரப் பிளவைத் தடவிப் பார்த்தார்.

"நல்லம். இனி இந்த டோர்ச்தான் முதலாளி" என்றார். "ஆனா பார்க்கிறது நான். மருமகன் காய்ச்சட்டும். மினுங்கிச்செண்டா கழிவுக் கானுக்குள்ள ஊத்துவம்."

அதோடு என் கஷ்டம் இரண்டு மடங்கானது.

கொட்டில் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினோம். நான் காய்ச்சிய தண்ணியைக் கிளாசில் அள்ளி வைத்தேன். பக்கத்தால் வெளிச்சம் அடித்தேன். என் கண்ணுக்கு ஒன்றிரண்டு குமிழி மேலே போனது தவிர, உள்ளே சுத்தம். மாமா குனிந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஊத்துங்க."

"மாமா, இதுக்குள்ள ஒண்டும்..."

"புகை புகையா நிக்கிது. உங்களுக்குத் தெரியல்லயா? கண்ணையும் மீன் வாடியில விட்டுட்டா வந்தீங்க?"

ஊற்றினேன். மறுபடி காய்ச்சினேன். இன்னும் நேரம் காய்ச்சினேன். ஊற்றச் சொன்னார். கானோரம் நின்ற முருங்கைக் கன்று கோஸ்டிக் பட்டுக் கருகிப் போனது. அடுப்படியில் என் புறங்கை வெந்து தோல் உரிந்தது. மாமாவுக்கு இது பிடித்துப் போயிற்று. தறிக்காரர்கள் வந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் டோர்ச்சைக் கேட்பார். "வாங்க, வாங்க, மருமகன்ட சமையலைப் பார்ப்பம்" என்பார். ஒவ்வொரு கிடாரமும் கானுக்குள் போனது. பெருநாள் கிட்டக் கிட்ட வந்தது. ஒரு கழி சிவப்பு நூல் கூட வெளியே போகவில்லை. என் பெட்டி வளவு வாசல் கடப்படிக்கு வந்து சேர்ந்திருந்தது. கோழி அதன் மேல் ஏறி நின்றது.

நான் என் கண்ணையே சந்தேகப்பட்டேன். எனக்குத்தான் தெரியாமல் போகிறதோ? யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய் சேரிடம் ஒரு போத்தலைக் காட்டினேன். "சுத்தமாக் கிடக்கு" என்றார். "உங்கட மாமாக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். "பகல்ல வெளிய வந்தா கண்ணக் கூசுதெண்டு சொல்றவரா?" ஓம் என்றேன். அவர் போத்தலை மூடித் திருப்பித் தந்தார். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தக் கேள்வியை அப்படியே சொன்னேன். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டினம் நின்றது. பிறகு மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

பெருநாளுக்கு முந்திய கடைசிக் கிடாரம் அது. தறிக்காரர்கள் காலையிலேயே வந்து கொட்டிலுக்குள் நின்றார்கள். இன்றைக்கும் நூல் இல்லையென்றால் வேறு கொட்டிலுக்குப் போவதாக மூத்த தறிக்காரர் சொல்லியிருந்தார். மாமா அதைக் கேட்டுத் தலையாட்டி, "பெட்டி கடப்படியிலதான் இரிக்கி. தூக்கிறதுக்கு ஆள் பிடிக்கத் தேவல்ல" என்றார். நான் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தேன். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.

தண்ணி தெளிந்தது. கிளாசை எடுக்கப் போனபோது அது தட்டில் இருக்கவில்லை. குசினிப் பக்கக் கதவால் என் மனைவி வந்தாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடியிருந்தாள். கையில் நிறைந்த கிளாஸ். நான் வாய் திறக்க முன் என்னைத் தாண்டிப் போய் இருட்டில் நின்றாள்.

"டோர்ச்ச அடிங்க" என்றாள் என்னிடம். அடித்தேன். அந்தத் தண்ணியில் தேத்தண்ணி நிறம் இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

"வாப்பா, இதான் கடைசி. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

மாமா குனிந்தார். முகம் கிளாசுக்குக் கிட்டப் போனது.

"ஊத்தைத் தண்ணி" என்றார். "முந்தினதையும் விட மோசம். உள்ளுக்க முழுக்கப் புகை. கொண்டு போய்க் கானுக்குள்ள ஊத்து."

"வடிவாப் பார்த்தீங்களா வாப்பா?"

"என்ட கண்ணுக்கு நீ படிப்பிக்க வாறியா? நாயும் வாய் வைக்காத தண்ணி."

அவள் திரும்பி ஜன்னல் சாக்கை இழுத்து விட்டாள். காலை வெயில் விழுந்தது. அவள் கையில் இருந்தது நிறமில்லாத வெறும் தண்ணி. எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இது சாயத் தண்ணி இல்ல வாப்பா. லெவ்வை ஓதித் தந்த போத்தல் தண்ணி. நான்தான் துணியில வடிச்சுக் கொண்டு வந்தன்."

யாரோ ஒருவர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடினார். மாமா நிமிரவில்லை. கிளாஸ் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளாஸ் அங்கே இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

முதலில் வாய் திறந்தவர் மூத்த தறிக்காரர்தான். "அப்ப இவ்வளவு காலமும் எங்கட நூலை ஆரு காக்கா பார்த்த?" என்றார். பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்கும் ஒட்டியது. மாமா வாசலைத் தேடிக் கையை நீட்டினார். கதவு நிலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரைத் தொட்டார். தடவிக்கொண்டே வெளியே போனார். அவருக்கு வழி விட்டவர்கள் யாரும் கையைப் பிடிக்கவில்லை. நான் பிடிக்கப் போனேன். என் மனைவி, "தண்ணி ஆறப் போகுது" என்றாள்.

அந்தக் கிடாரத்தில் முக்கி எடுத்த நூல் ஐஸ் தண்ணியில் விட்டதும் பழுதில்லாமல் சிவந்தது. தறிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பெட்டியைக் கடப்படியிலிருந்து அவளே இழுத்து வந்து அறைக்குள் போட்டாள். அதன் மேல் கோழி எச்சம் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

மாமா பள்ளிவாசலுக்குப் போய்த் தௌபாச் செய்து பாவமன்னிப்புக் கேட்டார். சொன்ன சொல்லுக்காக அழுதார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஊர் அதை விடவில்லை. ஒழுங்கையில் அவரைக் கண்டால் விரலை நீட்டி, "காக்கா, இது எத்தனை?" என்பார்கள். "ஊத்தைத் தண்ணிக் காக்கா" என்று பெயர் விழுந்தது. சின்னப் பிள்ளைகளும் சொன்னார்கள். அவர் கொட்டிலுக்குள் வரவில்லை. முன்வாசலில் கதிரை போட்டு இருந்தார். தறிக்காரர்கள் அவரைத் தாண்டித்தான் கொட்டிலுக்கு வர வேண்டும். சிலர் ஸலாம் சொல்வார்கள். சிலர் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள், ஆள் வந்தது தெரிகிறதா என்று சோதிக்க.

நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இப்போது புள்ளி விழுந்தால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

லீவு முடிந்து போக முன் சேர் ஒருநாள் கொட்டிலைப் பார்க்க வந்தார். முன்வாசலில் மாமாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"கண்ணுக்குள்ளயும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கு தம்பி. வயசு போகப் போக அதுக்குள்ள கரையாத பொடி மாதிரி விழும். வெளிச்சம் அதில பட்டுச் சிதறும். உங்கட கிடாரம் சுத்தம். அவர் கண்ட புகை அவர்ட கண்ணுக்குள்ள நிண்ட புகை. டோர்ச் அடிக்க அடிக்க அதுதான் கூடத் தெரிஞ்சிருக்கும்." பிறகு சொன்னார்: "மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில அதை எடுத்துப் போட்டுத் தடிச்ச கண்ணாடி குடுப்பாங்க. திரும்பப் பார்க்கலாம்."

கதவுக்குப் பின்னால் என் மனைவி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவர் போன பிறகு, எப்போது கொண்டு போவோம் என்று அவளிடம் கேட்டேன்.

"இப்ப வெள்ளாமை வெட்டுற காலம். முடியட்டும்" என்றாள்.

எங்களுக்கு ஒரு துண்டு வயலும் கிடையாது.

வெள்ளாமை வெட்டி முடிந்தது. நோன்பு வரப் போகிறது என்றாள். நோன்பும் பெருநாளும் போயின. சாயத்துக்கு ஆள் கூடுதலாக வருகிறது, நீங்கள் இரண்டு நாள் கொட்டிலை விட்டால் யார் பார்ப்பது என்றாள். நான் கவலைப்படுகிறவன். கண் அடியோடு போய்விட்டால் என்ன செய்வது, ஊர் எங்களை என்ன சொல்லும், அல்லாஹ் என்ன கேட்பான் என்று நச்சரித்தேன். கடைசியில் அவள் ராட்டினத்தை நிறுத்தினாள்.

"கண் தெளிஞ்சா எங்க வருவாரு? கொட்டிலுக்குத்தான். வந்து முதல்ல பார்க்கிறது ஆரை? உங்களத்தான். பெட்டி பொறகும் கடப்படிக்குப் போகும். நான் எத்தின தரம் கிளாஸ் தூக்குற?"

ஆனாலும் மாமாவிடமாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. மறுநாள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக் குடித்தார்.

"மாமா, மட்டக்களப்புல இந்தக் கண்ணுக்கு வைத்தியம் இரிக்காம். வெட்டி எடுத்தாத் தெளிஞ்சிருமாம். நான் கூட்டிப் போறன்."

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மகள் என்ன சொன்னா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "வெள்ளாமை முடியட்டுமெண்டு சொன்னா. அதுக்குப் பொறகு நோன்பு. பொறகு வேலை."

கிளாஸ் அவர் மடியில் இறங்கியது. உதடு கோணியது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"நமக்கு எந்தப் பூமியில வெள்ளாமை, மருமகன்?" என்றார். "அவ என்ட மகள். அவட இடத்துல நானெண்டா, வெள்ளாமையெண்டு ஒரு சாட்டும் சொல்லிருக்க மாட்டன். ஏலாதெண்டு நேரயே சொல்லிருப்பன். பொம்புளப் புள்ளதானே, கொஞ்சம் இரக்கம்."

மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கிளாசை என் பக்கம் நீட்டினார். நான் நின்ற இடத்துக்கு அது சரியாக வரவில்லை. எட்டி வாங்கினேன். உள்ளே கிடாரம் கொதித்து மூடி தட்டும் சத்தம் கேட்டது. அவள் என்னைக் கூப்பிட்டாள். போனேன்.